அப்பா அடிக்காத அடி

என் அப்பா என் அம்மாவை ஒருநாள்கூட அடித்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது. அவர் குடித்துவிட்டு வந்து பெல்ட்டால் அடிப்பார் என்று நம்புகிறவர்கள் சென்னையில் இருக்கிறார்கள், தென்காசியிலும் இருக்கிறார்கள். அவர்களை நம்ப வைத்தவள் நான். அதற்கு மெட்டும் போட்டேன்.

அப்பா லாரி ஓட்டினார். சுரண்டையில் காய்கறி ஏற்றி, புளியறை வழியாகக் கேரளாவுக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டு வருவார். செக்போஸ்ட்டில் வண்டிகள் வரிசையில் நிற்கும்போது மற்ற டிரைவர்கள் ஹாரனை அழுத்திக்கொண்டே இருப்பார்களாம். இவர் கீழே இறங்கி டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பாராம். அம்மா குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் அறை கூட்டும் வேலை பார்த்தாள். பெட்ஷீட் மாற்றுவது, துவைப்பது, உலர்த்துவது. சாரல் காலத்தில் அங்கே எதுவும் காயாது. அடுப்பு மூட்டிய ஒரு அறைக்குள் கொடி கட்டித்தான் உலர்த்துவார்கள். முட்டி வலி வந்து நிற்கும்வரை அம்மாவுக்கு அந்த அறைதான் உலகம்.

நான் சென்னையில் ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்க்கிறேன். சாயங்காலங்களில் ஒரு நாடகக் குழுவுக்குப் பாட்டு எழுதி, ஆர்மோனியம் வாசிப்பேன். அப்பா இறந்த மறு வருடம், ஒரு முழு இசை நாடகம் எழுதித் தரச் சொன்னார்கள். பொங்கலுக்குத் தென்காசிக்கு வந்திருந்தேன். அம்மா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். போனில் ரெக்கார்டரைப் போட்டுப் பக்கத்தில் வைத்தேன்.

"இது எதுக்குட்டி?" என்று கேட்டாள்.

"சும்மா, ஞாபகத்துக்கு" என்றேன்.

மூன்று நாள் பேசினாள். கல்யாணம், லாட்ஜ், ஒருமுறை குளிக்க வந்த ஒரு குடும்பம் கைக்குழந்தையை அறையில் மறந்துவிட்டு அருவிக்குப் போனது, எல்லாம். மூன்றாவது நாள், நானாகக் கேட்காமலே, அப்பாவை விட்டு அவள் போன கதையைச் சொன்னாள். எனக்கு அப்போது நாலு வயது.

அம்மா இரண்டாவது பிள்ளைக்கு ஐந்து மாதம். ரத்தம் படுகிறது என்று டாக்டர் படுக்கச் சொல்லியிருந்தார். எழுந்திருக்கக் கூடாது, அதிர்ச்சியான சேதி எதுவும் காதில் விழக் கூடாது. அந்த நேரத்தில்தான் கோவில்பட்டிக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாவின் அப்பா இறந்துபோனார். லாரி ஷெட்டுக்குப் போன் வந்தது. அப்பா யாரிடமும் சொல்லாமல் நேரே அங்கே போனார். தாத்தாவுக்கு ஆண் பிள்ளை கிடையாது. பங்காளிகளோடு பேச்சு இல்லை. அதனால் மருமகனே கொள்ளி வைத்தார்.

"மறுநா சாயங்காலம் வந்து நிக்காவ" என்றாள் அம்மா. "தலையில முடி இல்ல, மீசை இல்ல. என்னதுன்னு கேட்டேன். பிள்ளை நல்லபடியா பொறக்கணும்னு ஆய்க்குடி முருகனுக்கு மொட்டை போட்டேன்னாவ. எனக்குச் சிரிப்பு தாங்கல. படுத்துக்கிட்டே அந்த மண்டையைத் தடவித் தடவிச் சிரிச்சேன். நீ பக்கத்துல உக்காந்து ரெண்டு கையாலயும் தாளம் போட்ட. அவியளும் சிரிச்சாவ."

தாத்தா இறந்த பன்னிரண்டாம் நாள் கரு கலைந்தது. பதினாலாம் நாள் தபால்காரர் ஒரு கார்டைக் கொண்டுவந்து அம்மா கையில் கொடுத்தார். பதினாறாம் நாள் காரியத்துக்கு அழைப்பு. பாட்டியின் தம்பி சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அச்சடித்து அனுப்பியதில் ஒன்று, தெரியாமல் எங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டது. அதில் இருந்த பெயரை அம்மா இரண்டு தடவை படித்தாளாம்.

"எங்கப்பாவுக்குக் கொள்ளி வச்ச தலை. அதைத் தொட்டு நான் சிரிச்சிருக்கேன்."

காரியத்துக்குப் போய்விட்டு வந்த கையோடு என்னைத் தூக்கிக்கொண்டு குற்றாலத்துக்குப் பஸ் ஏறினாள். அவள் ஊர்க்காரப் பெண் ஒருத்தி அந்த லாட்ஜில் வேலையில் இருந்தாள். சீசன் தொடங்கும் நேரம், ஆள் தேவைப்பட்டது. அப்பா ஒருநாள் விட்டு ஒருநாள், புளியறையிலிருந்து திரும்பும்போது லாட்ஜ் வாசலில் வண்டியை நிறுத்துவார். உள்ளே வரமாட்டார். வாட்ச்மேனிடம் ஒரு பை காய்கறியும் எனக்குப் பழம்பொரியும் கொடுத்துவிட்டுப் போவார். சீசன் முடிகிறவரை இப்படியே நடந்தது.

"அப்புறம் எப்படிம்மா திரும்பிப் போன?" என்று கேட்டேன்.

நறுக்கிக்கொண்டிருந்த காயை ஒதுக்கிவிட்டு யோசித்தாள். "ஒருநா மாடியில இருந்து பாத்தேன். முடி வளந்திருந்துச்சு. வகிடு எடுத்துச் சீவியிருந்தாவ. அதுக்கப்புறம் போலாம்னு தோணுச்சு, போனேன்."

இவ்வளவும் என் போனில் இருந்தது. அவள் குரலில், நடுவில் கத்தி பலகையில் படும் சத்தத்தோடு.

சென்னைக்கு வந்து எழுத ஆரம்பித்தேன். முதல் வடிவத்தை இயக்குநரிடம் கொடுத்தேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நான் மதிக்கிறவர். படித்துவிட்டு, "மொட்டை விஷயம் மேடையில சிரிப்பாப் போயிடும்" என்றார். "இவ ஏன் வீட்டை விட்டுப் போறாங்கறது ஒரே காட்சியில மண்டையில அடிச்ச மாதிரி தெரியணும். இப்ப இருக்கிறதுல ரெண்டு பேருமே நல்லவங்க. யார் மேல கோபப்படுறது?"

அவர்மேல் பழியைப் போட எனக்கு ஆசைதான். ஆனால் அவர் கேள்விதான் கேட்டார். பதிலை எழுதியது நான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து, முக்கால் மணி நேரத்தில் பெல்ட் பாட்டை எழுதி முடித்தேன். பன்னிரண்டு அடி, ஒவ்வொரு அடிக்கும் ஒரு வரி. அவ்வளவு சுலபமாக நான் எந்தப் பாட்டும் எழுதியதில்லை. பெல்ட்டைக்கூடக் கற்பனை செய்யவில்லை. அப்பாவிடம் ஒரு அகலமான பெல்ட் இருந்தது. லாரியில் படுக்கையைச் சுருட்டிக் கட்ட வைத்திருந்தார். அதை எடுத்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன்.

பாட்டில் சுரண்டை லாரி வந்தது, புளியறை வந்தது. போஸ்டரில் 'ஒரு தாயின் உண்மைக் கதை' என்று போட்டார்கள். அதை அச்சுக்குப் போகும் முன் பார்த்தேன். எழுத்துப் பிழை ஒன்றைத் திருத்தினேன். 'உண்மை' என்ற சொல்லை மட்டும் அப்படியே இருக்க விட்டேன்.

சென்னையில் நாடகம் நன்றாகப் போனது. பெல்ட் பாட்டு முடிந்ததும் அரங்கமே கை தட்டும். முடிந்த பிறகு பெண்கள் வந்து என் கையைப் பிடித்துக்கொள்வார்கள். "உங்க அம்மா எவ்வளவு பட்டிருக்காங்க" என்பார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அந்தக் குனிவு எனக்குப் பிடித்திருந்தது. லாட்ஜில் அறை கூட்டியவளின் மகள் என்று இருபது வருடமாக யாரிடமும் சொல்லாதவள் நான். அடிபட்டு மீண்டவளின் மகள் என்றதும் ஊரே எழுந்து இடம் கொடுத்தது. எனக்கு அப்பாவை ரொம்பப் பிடிக்கும். அவர் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனவள் நான். இருந்தும் ஒவ்வொரு காட்சியிலும் ஆர்மோனியத்தின் முன் உட்கார்ந்து அந்தப் பன்னிரண்டு அடிக்கும் சுருதி கொடுத்தேன்.

அடுத்த ஆடியில் தென்காசியில் ஒரு கலை விழாவுக்கு அழைத்தார்கள். முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொந்த ஊரில் பெயர் வாங்கும் ஆசை விடவில்லை. அம்மா வராமல் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். "கூட்டமா இருக்கும்மா, ரொம்ப நேரம் உக்காரணும், ஒனக்கு முட்டி வலிக்கும்" என்று போனில் சொன்னேன்.

"பஸ் ஸ்டாண்டுல செவுத்துல ஒட்டியிருக்காம்லா, எங் கதைன்னு. நான் வராம யாரு வருவா?" என்றாள்.

ஒரு வேன் பிடித்து, லாட்ஜிலிருந்து எட்டுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். எல்லாரும் பட்டுச்சேலை. கல்யாண மண்டபத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்தார்கள். அம்மாவுக்குப் பக்கத்தில், லாட்ஜில் அவளுக்கு அடுத்தபடியாக வேலைக்குச் சேர்ந்த பெண். நான் சித்தி என்று கூப்பிடுவேன். நான் மேடையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்ததால் எனக்கு அவர்கள் முகம் நன்றாகத் தெரிந்தது.

முதல் பாட்டுகள் வந்தபோது அவர்களுக்கு ஒரே சந்தோஷம். பெட்ஷீட் பிழியும் பாட்டில் இரண்டு பெண்கள் முறுக்கிக்கொண்டே ஆடியபோது, "அப்படியே இருக்கு பாரேன்" என்று ஒருத்தி சத்தமாகச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தாள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பிறகு வெளிச்சம் குறைந்தது. அப்பாவாக நடித்தவர் இடுப்பில் இருந்து பெல்ட்டை உருவினார். முதல் அடி பலகையில் விழுந்தது. அம்மா, ஏதோ தவறு நடந்துவிட்டது போல, என்னைப் பார்த்தாள். இரண்டாவது அடி விழுந்தது. எட்டுப் பெண்களும் மெதுவாக அம்மா பக்கம் திரும்பினார்கள். சித்தி அவள் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அம்மா கையை உருவ முயன்றாள், சித்தி விடவில்லை. அதற்குமேல் அம்மா என்னைப் பார்க்கவில்லை. பார்வையைத் தரைக்குக் கொண்டுபோய்விட்டாள். என் விரல்கள் வாசித்துக்கொண்டே இருந்தன. ஒரு சுரம்கூடத் தப்பவில்லை.

முடிந்ததும் விழாக்காரர்கள் அம்மாவை மேடைக்கு ஏற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள். "இத்தனை அடியையும் தாங்கிக்கிட்டு இந்தக் கலைஞரை வளர்த்த தாய்" என்று ஒருவர் சொன்னார். மண்டபமே எழுந்து நின்று கை தட்டியது. மைக்கை அம்மா கையில் கொடுத்தார்கள். அவள் உண்மையைச் சொல்லிவிடுவாள் என்று எனக்கு வேர்த்தது. அப்பாவைப் பற்றி அந்த நிமிடம் நான் நினைக்கவே இல்லை. என் மானத்தைத்தான் நினைத்தேன்.

அம்மா கூட்டத்தை ஒருமுறை பார்த்தாள். "பிள்ளையள் எல்லாரும் நல்லாப் பாடுனாவ. எல்லாரும் சாப்பிட்டுட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு மைக்கைத் திருப்பிக் கொடுத்தாள்.

மறுநாள் காலையில் காபியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஒங்கப்பா எப்பம் என்னை அடிச்சாவ?"

"அது நாடகம்மா. கதைக்காக…"

"கதைன்னா வேற ஆளைப் போடணும். சொரண்டை லாரின்னு ஏன் போட்ட? அந்த பெல்ட்டை ஏன் போட்ட?"

நான் காபியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மொட்டையைச் சொன்னேம்லா ஒனக்கு?"

"சொன்னம்மா."

"அதை எங்க?"

"மேடையில வச்சா ஜனங்க சிரிச்சிருவாங்கன்னு…"

"நாந்தாம்ட்டி சிரிச்சேன். அதுதானே எனக்கு இன்னும் ஆறல." காபி டம்ளரை என் பக்கம் தள்ளி வைத்தாள். "ஒங்கப்பா செஞ்சது தப்புதான். அந்தத் தப்பை மட்டும் சொல்லியிருக்கலாம்லா. செய்யாததை எதுக்குச் சொன்ன? அவிய வந்து இல்லைன்னு சொல்லவா முடியும்?"

நான் ஆறிப்போன காபியை எடுத்துக் குடித்தேன்.

அம்மா எழுந்து சேலை மாற்றினாள். எங்கே போகிறாய் என்று கேட்டதற்கு, "குத்தாலத்துக்கு" என்றாள். நானும் பின்னாலேயே போய் அதே பஸ்ஸில் ஏறினேன். முன்பக்கம் உட்கார்ந்திருந்தவள் திரும்பிப் பார்க்கவில்லை.

லாட்ஜின் உலர்த்தும் அறையில் ஐந்தாறு பேர் ஈரப் பெட்ஷீட்டுகளை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மாவைப் பார்த்ததும் ஒருத்தி ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள், இதுவரை இல்லாத மரியாதையோடு. அம்மா உட்காரவில்லை.

"நேத்து பாத்தது உண்மையில்ல. என் வீட்டுக்காரவிய என்னைத் தொட்டு அடிச்சதே கெடையாது. அதைச் சொல்லத்தான் வந்தேன்" என்றாள்.

பெட்ஷீட்டை உதறிக்கொண்டிருந்த கைகள் நின்றன. அடுப்பில் விறகு வெடித்தது. சித்திதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"விடுக்கா. மகளே நாடகம் போட்டுட்டா. இன்னும் எதுக்கு மறைக்கே?"

"மறைக்கலட்டி. சத்தியமா இல்ல."

"செத்துப்போன மனுசனை விட்டுக் குடுக்கக் கூடாதுன்னு பாக்கே. எங்களுக்குத் தெரியாதாக்கா?" என்றாள் இன்னொருத்தி. அவள் கண் கலங்கியிருந்தது.

அம்மா மறுபடியும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவர்கள் அவளை இன்னும் பரிதாபமாகப் பார்த்தார்கள். கடைசியில் அம்மா திரும்பி, கதவருகில் நின்ற என்னைக் காட்டி, "அவகிட்டயே கேளுங்க" என்றாள்.

ஒரே ஒரு வார்த்தை போதும். பொய் என்று சொன்னால் முடிந்தது. நான் சொன்னது என்ன தெரியுமா? "கொஞ்சம் கற்பனையும் கலந்துதான் எழுதியிருக்கேன் சித்தி."

சித்தி அம்மாவைப் பார்த்துத் தலையாட்டினாள். கொஞ்சம்தான் கற்பனை என்றால் மீதி எல்லாம் நிஜம் என்று அர்த்தம். அம்மா அங்கிருந்து நடக்க ஆரம்பித்துவிட்டாள். பஸ் ஸ்டாப்பில் சாரலில் நனைந்துகொண்டு நின்றாள். குடையை நீட்டினேன், வாங்கவில்லை.

சென்னைக்கு வந்ததும் அந்தப் பாட்டை எடுத்துவிட வேண்டும் என்று இயக்குநரிடம் சொன்னேன். "அடுத்த வாரக் காட்சிக்கு டிக்கெட் முழுக்கப் போயாச்சு. இது ஒண்ணு முடியட்டும்" என்றார். சரி என்றேன். சரி என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று யோசித்துப் பார்க்கிறேன். நேரமே ஆகவில்லை. அம்மா நேருக்கு நேர் கேட்ட பிறகு, அவள் சாரலில் நின்றதைப் பார்த்த பிறகு, இன்னொரு தடவை உட்கார்ந்து பன்னிரண்டு அடியையும் வாசித்தேன். கைத்தட்டலும் வாங்கினேன்.

அதோடு நிறுத்தினேன். புதிதாக மொட்டைப் பாட்டை எழுதினேன். இரண்டு மாதம் பிடித்தது. குழுவினர் ஒத்திகையில் பாடிப் பார்த்தார்கள், யாருக்கும் பிடிக்கவில்லை. நாடகத்தையே விட்டுவிட்டார்கள். இயக்குநருக்கும் எனக்கும் பேச்சு குறைந்துபோனது. ஆனால் யாரோ பெல்ட் பாட்டைப் படம் பிடித்து இணையத்தில் போட்டுவிட்டார்கள். அதன் கீழே என் அப்பாவைத் திட்டி முகம் தெரியாதவர்கள் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். எடுக்கச் சொல்லி மூன்று தடவை எழுதினேன். இன்னும் இருக்கிறது.

புரட்டாசியில் ஊருக்குப் போனேன். புதுப் பாட்டைப் பாடிக் காட்டட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். "எனக்கு எதுக்கு? எனக்குத் தெரியாததா? அவளுவகிட்ட பாடு" என்றாள்.

குற்றாலத்தில் கூட்டம் இல்லாத நேரம். லாட்ஜ் மொட்டைமாடியில் வெயில் அடித்தது, வெளியிலேயே துணி உலர்த்தியிருந்தார்கள். ஆர்மோனியம் இல்லை, மைக் இல்லை. எட்டுப் பெண்களும் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தார்கள். பாடுவதற்கு முன்னால், "நான் மேடையில காட்டுனது பொய். எங்கப்பா எங்கம்மாவை அடிக்கவே இல்ல. நல்லா இருக்கும்னு நானா எழுதுனேன். அன்னைக்குக் கேட்டப்பவும் மழுப்புனேன்" என்று சொன்னேன். சொல்லும்போது யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. பிறகு பாடினேன். மொட்டையைத் தடவிச் சிரிக்கும் இடத்தில் அவர்கள் நிஜமாகவே சிரித்தார்கள். கார்டு வரும் இடத்தில் யாரும் அசையவில்லை. அம்மா தண்ணீர்த் தொட்டியின் நிழலில், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

"அப்பம் அடிக்கவே இல்லையாக்கா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"இல்லைன்னுதானே அப்பவே சொன்னேன்" என்றாள் அம்மா, திரும்பாமல்.

அவர்கள் எழுந்து வேலைக்குப் போனார்கள். நான் படியில் இறங்கும்போது சித்தி பின்னால் வந்தாள். கையில் காய்ந்த தலையணை உறைகள். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் பேசினாள்.

"என் வீட்டுல இருக்கவன் நெசமாவே அடிப்பான். இருபத்தாறு வருசமா. இங்கன ஒருத்திக்கும் தெரியாது. ஒங்கம்மைக்கும் அப்படித்தான்னு நாடகத்துல பாத்தப்பம், அன்னைக்கு ஒருநா எனக்கு நல்லாத் தூக்கம் வந்துச்சு. இவ்வளவு நல்ல மனுஷிக்கே நடந்திருக்கு, எனக்கு நடந்தா என்னன்னு இருந்துச்சு."

"சித்தி" என்று மட்டும் சொன்னேன்.

"சரி, அவளுக்கு இல்லைன்னா நல்லதுதான்" என்றாள். தலையணை உறைகளை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள். "எழுதுவேன்னா எழுது. ஆனா எங்க ஊரு, என் வேலை, ஒண்ணும் தெரியப்படாது. ஒங்கம்மைக்கும் தெரியப்படாது."

அவளை அடையாளம் தெரியாதபடி இங்கே நிறைய மாற்றியிருக்கிறேன். எதை மாற்றினேன் என்று அவளிடம் போனில் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் இன்னும் மாற்றச் சொன்னாள், மாற்றினேன். அந்த வீட்டை விட்டு வந்துவிடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மூன்று தடவை சொல்லிவிட்டேன். யோசிக்கிறேன் என்கிறாள்.

அன்றைக்குத் தென்காசிக்குத் திரும்பும்போது பஸ்ஸில் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இலஞ்சி தாண்டியதும் என் பக்கம் திரும்பினாள்.

"படியில நின்னு என்ன சொன்னா அவ?" என்று கேட்டாள்.

"பாட்டு நல்லா இருக்குன்னா" என்றேன்.

அம்மா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை. என்னை நம்ப அவளுக்கு இனி ஒரு காரணமும் கிடையாது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்க்க ஆரம்பித்தாள்.